அல்போன்ஸ் வீட்டுப் பின்சுவர்

மாவட்ட மன்றம் எனக்குச் சம்பளம் தருவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் மலையூரான பிரிஞ்சாங்கில் பாதிப் பேர் தருவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பெயர் ஜலால். சந்தைக்குப் பின்பக்கச் சந்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால், தண்ணீர் நிறுத்தப்போகிறார்கள் என்று மலாயில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பைத் தமிழில் எழுதி, கடைக்கு வாடிக்கையாக வரும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாட்சப்பில் அனுப்பினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். இன்றைக்கு அந்தக் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். குழுவுக்குப் பெயர் 'பிரிஞ்சாங் ஊர்ச் செய்தி'.

குப்பை லோரி எந்தக் கிழமை வரும், ராத்திரிச் சந்தையை எந்தப் பக்கம் மாற்றுகிறார்கள், நாய்க்கு லைசென்ஸ் எடுக்கக் கடைசித் தேதி என்ன, எந்த ரோட்டில் மண் சரிந்து ஒரு பக்கம் அடைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் போடுகிறேன். போட்டால் படிக்க வேண்டும் அல்லவா. படிக்க மாட்டார்கள். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு எனக்குப் போன் போடுவார்கள்.

"பாய், தண்ணி வரல லா."

"அதத்தானேம்மா நேத்தே எழுதியிருந்தேன்."

"நேத்து எழுதினீங்க சரி. இன்னிக்கு எத்தன மணிக்குத் தொறந்து விடுவீங்க?"

நானா திறந்து விடுகிறேன்? ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு போய்க் குழாயைத் திருப்ப வேண்டும் போலிருக்கிறது. என் மனைவி ரம்லா கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்வாள், "மன்றத்துல உங்கள கவுன்சிலர் ஆக்கச் சொல்லிக் கேளுங்க. அலவன்ஸாவது வரும்." அவள் கிண்டல் செய்கிறாளா, உண்மையாகவே சொல்கிறாளா என்று இதுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இந்தத் தலைவலிகளில் பெரிய தலைவலி அல்போன்ஸ் அண்ணன் வீட்டுச் சுவர்.

ஊருக்கு மேலே மேட்டு ரோட்டுக்குக் கீழ்ப்புறம் ஒரே வரிசையில் பத்து வீடுகள் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்காகக் கட்டியவை. எங்களுக்கெல்லாம் அது 'பத்து வீடு'. அதில் ஏழாவது வீடு அல்போன்ஸ் அண்ணனுடையது. தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர், கடைசிப் பதினாறு வருஷம் கங்காணி. அவர் மனைவி அற்புதம்மாள் அக்கா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். வீடுகளுக்குப் பின்னால், ரோட்டைத் தாங்கிக்கொண்டு இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் சுவர் நிற்கிறது. ஏழாவது வீட்டு அடுப்படிக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடந்து போகும் இடம்தான் உண்டு.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அக்கா கடைக்கு வந்தார். அவர் கடைக்கு வருகிற ஆள் இல்லை.

"தம்பி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ. அவரு சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

போய்ப் பார்த்தேன். சுவரின் உச்சியிலிருந்து கீழே வரை கோணல்மாணலாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அக்கா தன் கையை அதற்குள் விட்டுக் காட்டினார். மணிக்கட்டு வரை போனது. வெடிப்பிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசிந்து கல்லெல்லாம் பாசி பிடித்திருந்தது. மழை பெய்தால் உள்ளே கல் நகர்கிற மாதிரிச் சத்தம் கேட்கிறது என்றார். அல்போன்ஸ் அண்ணன் அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று, "பழைய செவுரு பாய். அப்படித்தான் இருக்கும். நீங்க கட வேலையப் பாருங்க," என்றார்.

லெம்பா பெர்த்தாமில் மண்ணும் தண்ணீருமாக வந்து வீடுகளை மூடிய வருஷத்தை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. நான் அன்றைக்கே புகார் எழுதிப் படங்களோடு அனுப்பினேன். வருஷக் கடைசி மழைக்கு முன்னால் அந்தச் சுவரைச் சரிசெய்துவிட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மன்றத்தில், சுவர் ரோட்டைத் தாங்குகிறது, ஆகவே ரோட்டுக்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள். ரோட்டுக்காரர்கள், சுவருக்கு இந்தப் பக்கம் வீடு இருக்கிறது, ஆகவே நில அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள். நில அலுவலகத்தில் ஒரு வரைபடத்தை விரித்து அரை மணி நேரம் தேடினார்கள். வரைபடத்தில் சுவரே இல்லை. இல்லாத சுவரில் எப்படி வெடிப்பு வரும் என்று அந்தப் பெண் என்னிடமே கேட்டாள். சுவர் மன்றத்துடையதுதான் என்று ஒப்புக்கொள்ளவைக்கவே நாலு மாதம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு, எழுத்தில் கொடுத்த புகார் செல்லாது, கைப்பேசிச் செயலியில் போட வேண்டும் என்றார்கள். போட்டேன். ஆகஸ்டிலிருந்து அதில் ஒரே வரி: விசாரணையில் உள்ளது. தினமும் காலையில் கடை திறந்ததும் அந்த வரியைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு மாவைப் பிசைந்தால் மாவு நன்றாக மிருதுவாக வரும், அவ்வளவு ஆத்திரத்தோடு பிசைவேன்.

நவம்பர் இரண்டாவது வாரம் மன்றத்திலிருந்து போன் வந்தது. சரிவுகளையும் சுவர்களையும் சரிசெய்ய அவசர நிதி ஒதுக்கியிருக்கிறார்களாம். புகார் வந்த இடங்கள் பதினொன்று, பணம் நாலு இடத்துக்குத்தான் காணும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவர் எடுக்கும் படங்களும் எழுதும் குறிப்பும் மறுநாள் கூட்டத்துக்குப் போகும். இதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

அன்றைக்கு நான் கடையில் எல்லாருக்கும் நுரைக்க ஆற்றிய தே தாரிக் ஒரு கிளாஸ் இலவசமாகக் கொடுத்தேன். ரம்லா முறைத்தாள். குழுவில் பெரிய எழுத்தில் போட்டேன்: 'வியாழன் காலை பத்து மணிக்கு அதிகாரி பத்து வீட்டுச் சுவரைப் பார்க்க வருகிறார்.' அறுபது கட்டைவிரல்கள் வந்தன.

செவ்வாய்க்கிழமை நானும் ரம்லாவும் அவள் தங்கை மகள் சுஹைலாவின் கல்யாணத்துக்காக ஈப்போவுக்கு இறங்கினோம். புதன்கிழமை முழுவதும் கைப்பேசி துடித்துக்கொண்டே இருந்தது. குழுவில் எண்பது, தொண்ணூறு என்று செய்திகள் ஏறிக்கொண்டிருந்தன. கல்யாண வீட்டில் யார் அதையெல்லாம் திறந்து பார்ப்பது. படிக்க மாட்டேன் என்கிறார்களே என்று நாலு வருஷமாகக் கத்தியவன், படிக்க வேண்டிய அந்த ஒரு நாளில் படிக்கவில்லை. இதற்கு நான் யாரைத் திட்டுவது?

வியாழன் விடியற்காலையில் கிளம்பி, கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்து, ரம்லாவைக் கடையில் இறக்கிவிட்டுப் பத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. வேறு எங்கோ வந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வரிசை முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ரோட்டோரக் கல், கொய்யா மரத்தின் அடி, விளக்குக் கம்பம், எது நிமிர்ந்து நின்றதோ அதற்கெல்லாம் இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு. சாக்கடையைக் கழுவி ஓரத்தில் பூந்தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஏழாவது வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

சுவர் பாலைப் போல நின்றது. பாசி இல்லை, மஞ்சள் தண்ணீர் இல்லை. வெடிப்பு இருந்த இடத்தில் சிமெண்டு பூசி, மட்டம் பார்த்துத் தேய்த்து, அதற்கு மேல் இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உச்சியிலிருந்து கீழே வரை ஒரு கீறல் தெரியவில்லை. அதன் முன்னால் அல்போன்ஸ் அண்ணன் நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை, பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து.

"எப்படி இருக்கு பாய்?" என்றார். "அஞ்சாவது வீட்டு முருகையா காய்கறித் தோட்டத்துலருந்து ரெண்டு மூட்ட சுண்ணாம்பு கொண்டாந்தான். சிமெண்டு என் செலவு. பத்து வீட்டு ஆளும் எறங்கிட்டோம்ல. படமெல்லாம் குரூப்ல போட்டேனே, பாக்கலையா?"

"அண்ணே, யார் உங்கள இதச் செய்யச் சொன்னது?"

"அதிகாரி வராருன்னு நீங்கதான போட்டீங்க."

"செவுரு ஒடைஞ்சிருக்குன்னு பாக்கத்தான் அண்ணே வராரு. ஒடைஞ்சத நீங்களே மூடி வச்சா அவரு எதப் பாப்பாரு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. தோட்டத்துப் பழக்கம் தெரியாத டவுன்காரன் என்று நினைத்திருப்பார். "பெரிய தொர லயத்து வீடுகளப் பாக்க வராருன்னா முந்தின நாளே எல்லாத்தையும் சுத்தம் பண்ணிச் சுண்ணாம்பு அடிச்சிருவோம் பாய். அழுக்க அப்படியே விட்டு வச்சா, இந்த லயத்து ஆளுங்களே சரியில்லன்னு எழுதிட்டுப் போயிருவாரு. வர்ற மனுசன் மூஞ்சிக்கு நேரா வீட்ட அசிங்கமா வச்சுக் காட்டறதா?"

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சுண்ணாம்பு ஒட்டும் என்பதால் முட்டவில்லை.

அதற்குள் மன்றத்து வண்டி வந்துவிட்டது. இறங்கியவர் ஐமான் என்ற மலாய் இளைஞர், முப்பது வயதுக்குள் இருக்கும், காலில் மழைச் சப்பாத்து, கையில் ஒரு டேப்லெட். மரியாதையாக எல்லாருக்கும் கை கொடுத்தார். பின்னால் அழைத்துப்போனேன். அவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார், கையால் தடவினார், விரலில் ஒட்டிய வெள்ளையைத் துடைத்துக்கொண்டார். மூன்று படம் எடுத்தார். பிறகு புகாரில் இருந்த படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் மலாயில் மூச்சுவிடாமல் பேசினேன். வெடிப்பை நேற்றுத்தான் பூசினார்கள், பூச்சு ஒரு விரல் கனம்கூட இருக்காது, உள்ளே கை போகும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புகாரில் இருப்பது மார்ச் மாதத்துப் படம்," என்றார். "கூட்டத்துக்குப் போவது இன்று நான் எடுக்கும் படம். இதைப் பார்த்தால், சரிசெய்த சுவரை எதற்குக் கொண்டுவந்தாய் என்று என்னைத்தான் கேட்பார்கள்."

"அப்படியென்றால் பூச்சைத் தட்டிப் பாருங்கள்."

"மன்றத்தின் சொத்தை நான் எப்படி உடைப்பது? நீங்களும் உடைக்கக் கூடாது."

பூசும்போது அது யார் சொத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. உடைக்க மட்டும் சட்டம் வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் ஐமான் அல்போன்ஸ் அண்ணன் பக்கம் திரும்பினார். வீட்டுக்காரர் நீங்கள்தானே, சுவரில் ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டார்.

அண்ணன் நிமிர்ந்தார். இரண்டு கையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. முப்பத்தெட்டு வருஷமும் அவர் இப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

"ஒரு பிரச்சினையும் இல்லை, துவான்," என்றார், துரைகளிடம் பேசும் மரியாதை மலாயில். "எல்லாம் நல்லா இருக்கு."

ஐமான் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். டேப்லெட்டில் ஏதோ தட்டினார். ஆகஸ்டிலிருந்து நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு வரி என் கண் முன்னால் மாறுவதை அவர் விரலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முடிந்தது என்று வந்தது. எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. அந்த நேரத்தில் அல்போன்ஸ் அண்ணனைப் பிடித்துச் சாக்கடையில் தள்ளியிருப்பேன். கழுவி வைத்த சாக்கடைதான், அடிபட்டாலும் அழுக்காகியிருக்க மாட்டார்.

அற்புதம்மாள் அக்கா அடுப்படியிலிருந்து தட்டில் தேநீர் கொண்டுவந்தார். அதிகாரி வேண்டாம், நேரமாகிவிட்டது என்றார். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் போகும் வழியில் நின்றுகொண்டார். அந்த இடத்தில் ஒருவர் நின்றால் இன்னொருவர் தாண்ட முடியாது.

அக்கா பேசியது தோட்டத்து மலாய். நாலு சொல் மலாய், ஒரு சொல் தமிழ் என்று கலந்துதான் வரும். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"ஐயா, அவரு சொல்றது பொய். நான் எட்டு மாசமா படுக்கல."

ஐமானுக்குப் புரியவில்லை. எங்கே படுக்கவில்லை என்று கேட்டார்.

"எங்கயுமே படுக்கல. வாசக் கதவுகிட்ட நாக்காலி போட்டு ஒக்காந்துக்குவேன். சப்பாத்த போட்டுக்குவேன். சாவி பூட்டுலயே இருக்கும். மழ பேஞ்சா உள்ள கல்லு உருளும். சத்தம் பெருசானா இவர எழுப்பி இழுத்துக்கிட்டு ஓடணும்ல. இவருக்குக் காது சரியாக் கேக்காது. தூங்கிட்டா ஒண்ணுமே கேக்காது. நானும் தூங்கிட்டா ரெண்டு பேரும் போயிருவோம்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். கடையில் சாமான் பட்டியல் சொல்வதுபோலச் சொன்னார். அண்ணனுக்கு எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது, ஆனால் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூட்டு வலி, படுத்தா எந்திரிக்க முடியலன்னுதான நாக்காலில இருந்த?" என்றார் தமிழில்.

"மூட்டு வலின்னா நீங்க மேல கேக்க மாட்டீங்க," என்றார் அக்கா. "செவுருன்னு சொன்னா, பழைய செவுரு அப்படித்தான் இருக்கும்பீங்க."

ரோட்டில் ஒரு லோரி போனது, காலடியில் லேசாக அதிர்ந்தது. ஐமான் அதைக் கவனித்தார். கீழே குனிந்து மண்ணைப் பார்த்தார்.

அல்போன்ஸ் அண்ணன் வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கடப்பாரையோடு திரும்பி வந்தார். "பாக்சிக், வேண்டாம்," என்று பெரியவரைத் தடுக்க ஐமான் கையை நீட்டினார். அண்ணனுக்கு அது கேட்கவில்லையா, கேட்டும் கேட்காதது போல இருந்தாரா, எனக்குத் தெரியாது. சுவரில் சரியாக அந்த இடத்தைப் பார்த்து ஓங்கிக் குத்தினார். தேடவே இல்லை. அவர் கையால் பூசியது அல்லவா.

இரண்டாவது குத்தில் பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னாலேயே சேறும் தண்ணீரும் முட்டிக்கொண்டு வந்தன. ஒரு நாள் பூராவும் வெளியே வர வழியில்லாமல் உள்ளே சேர்ந்த தண்ணீர். முஷ்டியளவு கற்கள் அதோடு உருண்டு வந்து சாக்கடையில் விழுந்தன. மார்ச் மாதத்தில் அக்காவின் மணிக்கட்டு வரை போன வெடிப்பில் இப்போது என் முழங்கை வரை போயிருக்கும். அண்ணனின் வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் மஞ்சளாகிவிட்டன. அவர் நகரவில்லை. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார்.

"துவான், இப்ப எழுதிக்குங்க," என்றார்.

ஐமான் எழுதினார். படமாக எடுத்துத் தள்ளினார். போனில் மேலதிகாரியோடு பேசும்போது அவர் குரல் மாறியிருந்தது. ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வீட்டிலும் இப்போதிலிருந்து யாரும் இருக்கக் கூடாது, சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள் என்றார். சுவரைப் பட்டியலில் சேர்ப்பார்களா என்று கேட்டேன். தான் இன்றைக்கே அனுப்புவதாகவும், முடிவு கூட்டத்தில்தான் என்றும் சொன்னார். அதுதானே, வேறு என்ன சொல்லப்போகிறார். முடிந்துபோன புகாரைத் திரும்பத் திறக்கச் செயலியில் வழி இல்லையாம். புதுசாக ஒன்று போடச் சொன்னார். அங்கேயே சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து, எட்டு மாதத்துக்கு முன்னால் எழுதியதையே மறுபடியும் முதலிலிருந்து எழுதினேன்.

ஆறாவது, எட்டாவது வீட்டுக்காரர்கள் சொந்தக்காரர்களிடம் போனார்கள். அண்ணனையும் அக்காவையும் நான் கடை மாடி அறைக்கு அழைத்து வந்துவிட்டேன். ரம்லா மெத்தையை உதறிப் போட்டு, புதுப் போர்வை எடுத்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் படுங்கள் என்றதற்கு, "கொஞ்சம் தலைய சாச்சுக்கிட்டு வரேம்மா," என்று அக்கா மாடிக்குப் போனார். அப்போது பகல் பன்னிரண்டு மணி.

மத்தியான நேரம் என் கடை எப்படியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மிக்சி அலறும், தட்டு உருளும், பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள், சந்தில் லோரிக்காரன் ஹாரனைப் பிடித்தால் விட மாட்டான். மாடியில் அசைவே இல்லை. அல்போன்ஸ் அண்ணன் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டையை மாற்றச் சொன்னேன், மாற்றவில்லை. சேறு காய்ந்து பொருபொருவென்று உதிர்ந்தது.

என் கைப்பேசி அடித்தது. குப்பை லோரி ஏன் வரவில்லை என்று யாரோ கேட்டார்கள். அது நாளைக்குத்தான், திங்கட்கிழமை போட்டதைப் படிக்கவில்லையா என்று வழக்கம்போலக் கத்த ஆரம்பித்தேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, மெதுவாகப் பேசும்படி கையைக் காட்டினார். நான் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

அவர் பக்கத்தில் ஒரு கிளாஸ் தேநீரை வைத்தேன். வெகு நேரம் தொடவில்லை.

"காலையில வேலைக்குப் பேர் கூப்பிடற பெரட்டுல நூறு பேர வரிசையா நிறுத்துவேன் பாய்," என்றார். "யாருக்குக் காய்ச்சல், யாரு ராத்திரி தூங்காம வந்து நிக்கறா, மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். பதினாறு வருசம். ஒருத்தர்கூடத் தப்பினது இல்ல."

சொல்லிவிட்டு மாடிப் பக்கம் பார்த்தார். நாலு வருஷமாக ஊருக்கே செய்தி சொல்கிறவன் நான். மார்ச் மாதத்திலிருந்து அக்காவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், சுவரைப் பற்றி மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

நாலு மணிக்கு ரம்லா, சாப்பாடு ஆறிக் கிடக்கிறது, அக்காவை எழுப்பட்டுமா என்று கேட்டாள். அல்போன்ஸ் அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, படியில் கொஞ்சம் நகர்ந்து வழியை அடைத்து உட்கார்ந்துகொண்டார்.